ஊதி, உறுமி, அலறி

1910-ஆம் ஆண்டு கட்டப்பட்ட ஒரு கார் கல்கத்தா வீதியில் இறங்கியதும் ஜனம் நாலாபக்கமும் சிதறி ஓடியது. வந்தது கார் என்று யாருக்கும் தோன்றியிருக்காது. வந்தது ஓர் அன்னம். வளைந்த கழுத்து, கண் இருக்கவேண்டிய இடத்தில் மின்விளக்கு, மேனியெல்லாம் தங்கரேக்கில் தாமரை வேலைப்பாடு. அலகைத் திறந்தால் என்ஜினின் சூட்டிலிருந்து நீராவி பீய்ச்சியடிக்கும். எதிரே நிற்பவர்கள் தாமாகவே விலகிவிடுவார்கள். பின்பக்கம் ஒரு வால்வைத் திருகினால் சுண்ணாம்புக் குழம்பு ரோட்டில் சொட்டும். நிஜமான பறவை எச்சமிட்டுக்கொண்டே போவதுபோல இருக்கட்டும் என்று உரிமையாளர் ஆசைப்பட்டிருந்தார். டயரில் ஒட்டும் யானைச் சாணத்தை வழித்தெடுக்கப் பிரஷ்கூட உண்டு.

உரிமையாளர் பெயர் ராபர்ட் நிக்கல் மேத்யூசன், கல்கத்தாவில் வசித்த பணக்கார வெள்ளைக்காரர். செய்து கொடுத்தது இங்கிலாந்தின் லோவெஸ்டாஃப்ட் ஊரிலிருந்த ப்ரூக் நிறுவனம். முதல் பவனியிலேயே போலீஸ் தலையிட வேண்டிவந்தது. பிற்பாடு அந்தக் கார் நாபா சமஸ்தானத்து மகாராஜாவிடம் போய்ச் சேர்ந்தது. இப்போது நெதர்லாந்தின் ஹேக் நகரில், லௌமன் மியூசியத்தில் நிற்கிறது.

இந்தக் காரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் அலகையும் எச்சத்தையும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். உண்மையில் அதிலிருந்த அதிசயம் ஹாரன்தான். எட்டுக் குழல்கள், அவற்றை வாசிக்க ஆர்மோனியக் கட்டைபோல ஒரு விசைப்பலகை. அது இருந்தது பின் ஸீட்டில். டிரைவருக்கு அதில் வேலையே இல்லை. கப்பலில் என்ஜின் அறைக்கு உத்தரவு அனுப்புவார்களே, அந்த மாதிரி ஒரு கருவி வழியாக முதலாளி பின்னாலிருந்து ஆணையிடுவார்; டிரைவர் ஓட்டுவார். ஸ்டியரிங் ஒருவர் கையில், சங்கீதம் இன்னொருவர் கையில். அந்த எட்டுக் குழலிலும் புகுந்து ஊதியது மனித மூச்சு அல்ல, காரின் புகை.

ஹாரனின் சரித்திரத்தை இந்த மூச்சை வைத்தே சொல்லிவிடலாம். முதலில் மனிதனின் கை ஊதியது. பிறகு என்ஜின் ஊதியது. அப்புறம் ஊதுவதே நின்றுபோய், இரும்புத் தகட்டை அடித்து அலற வைக்கும் காலம் வந்தது.

ஹாரன் என்ற சொல்லுக்கே கொம்பு என்றுதான் பொருள். நம்மூர்த் திருவிழாவில் சாமிக்கு முன்னால் ஊதிப்போகும் கொம்பும் அதே வம்சம். பெரிய மனிதர் வருகிறார், வழிவிடு என்று சொல்ல யாராவது முன்னால் போகவேண்டும் என்பது எல்லா நாட்டிலும் இருந்த பழக்கம். மோட்டார் வண்டிக்கும் தொடக்கத்தில் ஒரு கட்டியக்காரன் இருந்தான். 1865-இல் இங்கிலாந்து ஒரு சட்டம் போட்டது. தானே ஓடும் எந்த வண்டிக்கும் 60 கஜம் முன்னால் ஓர் ஆள் சிவப்புக் கொடியோடு நடக்கவேண்டும். ஊருக்குள் வேகம் மணிக்கு 2 மைல், வெளியே 4 மைல். நீராவியில் நகரும் ராட்சத வண்டிகளை மனத்தில் வைத்துப் போட்ட சட்டம் அது. 1878-இல் கொடியைக் கட்டாயமில்லை என்றார்கள், ஆனால் ஆள் நடந்தான். 1896-இல்தான் அவனுக்கு விடுதலை. அந்த வருஷத்துப் புதிய சட்டம் வேகத்தை 14 மைலுக்கு உயர்த்தியது. கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தது. வண்டி வருவதைத் தெரிவிக்க மணியோ, நன்றாகக் காதில் விழும் வேறு ஏதாவது கருவியோ இருக்கவேண்டும். கொடி பிடித்தவன் போனான், அவன் வேலைக்கு ஒரு சத்தம் வந்தது. பிரான்ஸில் 1899-இல் வந்த ஆணை மணியைப் பற்றிப் பேசவே இல்லை. ஊதுகுழல் வேண்டும் என்று நேராகவே சொல்லிவிட்டது.

அந்தக் குழல்தான் தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைக்கு முன்புவரை எல்லாருக்கும் பழக்கமான பாம் பாம் ஹாரன். ஒரு ரப்பர் உருண்டை, அதற்கடுத்து ஒரு பித்தளை நாக்கு, அதற்கடுத்துச் சுருண்டு விரியும் பித்தளைக் குழல். இவ்வளவுதான் சரக்கு. உருண்டையை அமுக்கினால் காற்று வெளியேற வழி தேடும். வழியில் பாதியாகப் பிளந்த சின்னக் குழாய் ஒன்று. அதன் பிளவை மூடினாற்போல, ஆனால் முழுக்க மூடாமல், மெல்லிய பித்தளைத் தகடு ஒன்று படுத்திருக்கும். காற்று அந்த இடுக்கில் நுழையும்போது தகடு பிளவின்மேல் அறைந்து மூடும், மறுபடி நிமிரும், மறுபடி மூடும். விநாடிக்கு இருநூறு முந்நூறு தடவை இப்படி நடந்தால் அது சத்தம். நாகஸ்வரத்துக்குச் சீவாளி எப்படியோ, இந்த ஹாரனுக்கு அந்த நாக்கு அப்படி. சீவாளி நாணலில் செய்தது, சொன்னபடி கேட்கும். இது உலோகம், தனக்கென்று ஒரு சுருதியை வைத்துக்கொண்டு அதைவிட்டு அசையாது. குழலின் சுருள்கள் அந்தச் சுருதிக்கு உடம்பு கொடுக்கும். விரிந்த வாய் அதைத் தெருவுக்குக் கொண்டுபோகும். ஒற்றைச் சுருள் கீச்சென்றிருக்கும். இரண்டு மூன்று சுருள் வைத்தால் தொண்டை கட்டிய பெரியவர் கூப்பிடுவதுபோல இருக்கும்.

வாயில் ஒரு கம்பி வலை வைத்திருப்பார்கள். தூசியும் பூச்சியும் உள்ளே போய் நாக்கில் ஒட்டினால் ஹாரன் ஊமையாகிவிடும்.

அமுக்கியபின் கையை விட்டால் உருண்டை போன வழியிலேயே காற்றை உள்ளே இழுக்கும். அதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். ஒரு பிடிக் காற்று, ஒரு 'பாம்'. அடுத்த 'பாம்' வேண்டுமென்றால் அது மூச்சு வாங்கும்வரை காத்திருக்க வேண்டும். இந்த ஹாரன் மரியாதையானது என்று பழைய ஆட்கள் சொல்வதுண்டு. அந்த மரியாதை ஓட்டுநரின் குணத்தில் இல்லை, உருண்டையின் கொள்ளளவில் இருந்தது. நினைத்தாலும் அரை நிமிஷம் விடாமல் கத்த அதனால் முடியாது.

ஹாரனைக் காருக்கு நகையாகவும் பார்த்த காலம் அது. பணக்காரர்களின் கார்களில் குழலை முன்புற மட்கார்டின் மேல் நீளமாகப் படரவிட்டு, அதன் முனையில் வாய் பிளந்த பாம்புத் தலையை வைத்தார்கள். செதில் செதிலாக வளையும் உலோகக் குழாய்தான் பாம்பின் உடல். கண்ணுக்குச் சிவப்புக் கண்ணாடி. டிரைவர் அருகே இருக்கும் உருண்டையை அமுக்கினால் ஆறடி தள்ளி, விளக்குக்குப் பக்கத்தில் பாம்பு முழங்கும். மலைப்பாம்பின் பெயரையே அதற்கு வைத்திருந்தார்கள். இன்று மகாராஜாக்களின் ரோல்ஸ் ராய்ஸ் படம் என்று ஒன்றைத் தேடினால் இந்தப் பாம்பு அநேகமாக வந்துவிடும்.

கையால் ஊதுவதில் ஒரு சங்கடம் இருந்தது. கார் வேகமெடுக்க எடுக்க ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுப்பது ஆபத்து. அந்த வேகத்தில் ஒரு பிடிக் காற்றின் சத்தம் போதவும் இல்லை. அப்போது அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் கிளாட் ஃபாஸ்டர் என்பவருக்கு ஒரு யோசனை தோன்றியது. அவர் நாடக வாத்தியக் குழுவில் டிராம்போன் வாசித்தவர். காற்றுக்கு எங்கே போகவேண்டும்? என்ஜின் வீணாக வெளியே தள்ளுகிற புகை இருக்கிறதே. 1904 வாக்கில் அவர் செய்த ஹாரனுக்கு வானதூதர் கபிரியேலின் பெயரை வைத்தார். கடைசி நாளில் எக்காளம் ஊதுவார் என்று கிறிஸ்தவர்கள் சொல்லும் அதே கபிரியேல். இதற்குப் போட்டியாக வந்த இன்னொரு புகை ஹாரனின் பெயர் ஜெரிகோ. எக்காளச் சத்தத்தில் மதில் இடிந்து விழுந்ததாக விவிலியம் சொல்லும் எரிகோ நகரம்தான் அது. விளம்பரத்துக்கு ஆள் வைத்து யோசித்திருக்கிறார்கள்.

புகைக்குழாயின் நடுவில் ஒரு வால்வு. காலால் பெடலை மிதித்தாலோ கம்பியை இழுத்தாலோ வால்வு திரும்பி, புகை வழக்கமான வழியை விட்டு விசில் குழல்களுக்குள் பாயும். தேவாலயத்து ஆர்கனில் இருப்பதுபோலக் குழலில் உதடு வெட்டியிருக்கும். அதில் காற்று மோதிப் பிளந்து ஒலிக்கும். நாக்கு கிடையாது, அதனால் கரி படிந்தாலும் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும். நீளம் வேறுவேறான குழல்களைச் சேர்த்து வைத்தால் ஒரே மிதியில் நாலைந்து சுரம் சேர்ந்து வரும். அன்னக் காரில் இருந்தது இதே கபிரியேல் ஹாரனின் எட்டுக் குழல் வகை.

கேட்க ரம்மியம். கருவியாகப் பார்த்தால் சுமார்தான். எதிரே மாடு குறுக்கிட்டால் ஓட்டுநர் முதலில் செய்வது ஆக்ஸிலேட்டரை விடுவது. விட்டதும் என்ஜின் தணியும், புகை குறையும், எட்டுக் குழலும் சோர்ந்துபோகும். சத்தம் அவசியப்படுகிற அந்த நொடியில்தான் அதற்கு மூச்சுமுட்டும். மேட்டில் ஏறும்போதோ ஆளில்லாத ரோட்டில் பறக்கும்போதோ பிரமாதமாகப் பாடும். இன்னொரு குறை, சத்தம் இனிமையாக இருந்தது. தெருவில் நடக்கிறவன் பாட்டு கேட்கிறதே என்று திரும்பிப் பார்த்தான், விலகவில்லை. ஃபாஸ்டர் பின்னால் கார்களுக்கு அதிர்வு தாங்கி செய்யும் தொழிலுக்குப் போய்ப் பெரும் பணம் சேர்த்தார். 1952-இல் தர்ம ஸ்தாபனங்களின் பிரதிநிதிகளை ஒரு விருந்துக்குக் கூப்பிட்டு, கிட்டத்தட்ட 40 லட்சம் டாலரைப் பிரித்துக் கொடுத்துவிட்டார். ஹாரன் வரலாற்றில் இவ்வளவு நல்ல மனிதர் வேறு யாரும் இல்லை.

அடுத்து வந்தவரைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

மில்லர் ரீஸ் ஹட்சிசன், 1876-இல் அலபாமாவில் பிறந்தவர். காது கேளாதவர்களுக்கான மின்கருவியை உருவாக்கிப் பெயர் வாங்கியவர். செவித்திறன் குறைந்த இங்கிலாந்து ராணி அலெக்சாண்ட்ரா அவர் கருவியைப் பயன்படுத்தினார். பின்னாளில் தாமஸ் எடிசனிடம் தலைமைப் பொறியாளராகவும் இருந்தார். இவர்தான் 1908-இல் க்ளாக்ஸனைக் கொண்டுவந்தார். ஹட்சிசன் முதலில் ஒரு கருவியால் ஊரைச் செவிடாக்கிவிட்டு, அப்புறம் காது கேட்கும் கருவியை விற்கப் பார்க்கிறார் என்று எழுத்தாளர் மார்க் ட்வெய்ன் கிண்டலடித்ததாக ஒரு கதை உண்டு. ட்வெய்ன் சொன்னாரோ இல்லையோ, க்ளாக்ஸனைக் கிட்டத்தில் கேட்டவர்கள் அந்தக் கதையை நம்பத் தயாராக இருப்பார்கள்.

ஊதுவது என்ற சமாசாரமே க்ளாக்ஸனில் இல்லை. ஒரு வட்டமான எஃகுத் தகடு. விளிம்பைச் சுற்றி இறுக்கிப் பிடித்திருக்கும். தகட்டின் நடுவில் கெட்டியான ஒரு குமிழ். குமிழை ஒட்டினாற்போல் ஒரு பல்சக்கரம், அதைச் சுற்ற ஒரு சின்ன மின்மோட்டார். ஒவ்வொரு பல்லும் குமிழை ஓர் இடி இடித்துவிட்டுப் போகும். தகடு வெளியே பிதுங்கித் திரும்பும். சக்கரத்துக்குப் பத்துப் பல், விநாடிக்கு நாற்பது சுற்று என்று வைத்துக்கொண்டால் விநாடிக்கு 400 இடி. தமிழில் மணி அடிக்கிறோம், மேளம் அடிக்கிறோம், அதே வாயால் ஹாரனும் அடிக்கிறோம். உருண்டை அமுக்கும் ஹாரனுக்குப் பொருந்தாத இந்த வினைச்சொல் க்ளாக்ஸனுக்கு அச்சு அசலாகப் பொருந்தும். உள்ளே நடப்பது அடிதான்.

அந்தப் பிரசித்தமான 'ஆ… ஊ… கா' எங்கிருந்து வருகிறது? பொத்தானை அழுத்தியதும் மோட்டார் நின்ற நிலையிலிருந்து வேகம் பிடிக்கவேண்டும். பற்கள் முதலில் நிதானமாக இடிக்கும், சுருதி கீழே இருக்கும், அது 'ஆ'. வேகம் ஏற ஏறச் சுருதியும் வழுக்கிக்கொண்டு மேலே போகும், உச்சத்தில் 'ஊ'. கையை எடுத்ததும் மோட்டார் சடாரென்று நிற்காது, சுழன்று தேயும். சுருதி சரிந்து 'கா' என்று உட்காரும். வீணையில் தந்தியை இழுத்துக் கமகம் பண்ணுவதுபோல, இங்கே மோட்டாரின் சோம்பேறித்தனம் கமகம் பண்ணுகிறது. எந்தச் சுரத்திலும் நிற்காமல் வழுக்குகிற சத்தத்தைக் காது அலட்சியம் செய்வதில்லை. அழுகிற குழந்தையும் அப்படித்தான் வழுக்கும்.

நியூ ஜெர்சியின் நியூவார்க் நகரில் லவெல்-மக்கானல் நிறுவனம் இதைத் தயாரித்தது. அலறு என்று பொருள்படும் பழைய கிரேக்க வினையிலிருந்து பெயரைச் செதுக்கினார்கள். மற்ற ஹாரன்காரர்கள் எல்லாம் இனிமை என்று விளம்பரம் செய்துகொண்டிருந்தபோது இவர்கள் அலறலை அலறல் என்றே சொல்லி விற்றார்கள். பாட்டைக் கேட்டு யாரும் நகரமாட்டார்கள், அலறலுக்குத்தான் நகர்வார்கள் என்ற கணக்கு தப்பவில்லை. இன்று பிரெஞ்சில் ஹாரனுக்கே க்ளாக்ஸன் என்றுதான் பெயர், ஹாரன் அடிப்பதற்கும் அதிலிருந்தே ஒரு வினை. இத்தாலி, ஸ்பெயின், துருக்கி, இந்தோனேசியா, ஜப்பான் என்று ஒவ்வொரு நாக்கும் அதைத் தன் வசதிக்கு வளைத்துக்கொண்டது. தமிழ் மட்டும் ஹாரனோடு நின்றுவிட்டது.

முதல் உலகப்போர் வந்ததும் க்ளாக்ஸன் பதுங்குகுழிக்குப் போனது. நச்சுப்புகை வருகிறது, முகமூடியை மாட்டு என்று சொல்லக் குரல் உதவாது. கத்துவதற்கு மூச்சை இழுக்கிறவன்தான் முதலில் சாவான். உள்ளங்கையால் தண்டை அழுத்தினால் பல்சக்கரம் சுழலும் கை க்ளாக்ஸன்களை அதற்காக வைத்திருந்தார்கள். இன்னும் தூரத்துக்கு எச்சரிக்க, அடைத்த காற்றில் இயங்கும் ஸ்ட்ராம்போஸ் ஹாரன். தாழப் பறந்த பிரிட்டிஷ் விமானங்களிலும் க்ளாக்ஸன் இருந்தது. கீழே முன்னேறிப்போன தங்கள் படை எதுவரை போயிருக்கிறது என்று விமானிக்குத் தெரியவேண்டும். அவர் க்ளாக்ஸனை அடிப்பார். சிப்பாய்கள் மத்தாப்பு கொளுத்தி இடத்தைக் காட்டுவார்கள். காட்டினால் எதிரிக்கும் தெரியும் என்பதால் கொளுத்தாமல் படுத்துக்கிடந்தவர்களும் உண்டு. நீர்மூழ்கிக் கப்பல் முழுகப்போகிறது என்ற அறிவிப்பும் அதே அலறல்தான்.

போர் ஒருபக்கம் நடக்கும்போதே, சாதாரண ஜனங்களின் காரில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. ஃபோர்டு மாடல் டி. 1908-இல் தொடங்கி 1927 வரை ஒன்றரைக் கோடி வண்டிகள். முதலில் உருண்டை ஹாரன்தான் வைத்தார்கள். 1915 மாடலிலிருந்து ஒரு மின்ஹாரன் வந்தது. பேட்டரியே இல்லாத வண்டியில் மின்ஹாரன். என்ஜினின் ஃப்ளைவீலில் 16 காந்தங்களைப் பதித்து, அது சுழலும்போது எழும் மின்சாரத்தை ஹாரனுக்கும் கொடுத்தார்கள். என்ஜின் மெதுவாகச் சுற்றினால் ஹாரன் முனகும்; வேகமாகச் சுற்றினால் வண்டுபோல ரீங்கரிக்கும். என்ஜின் நின்றால் அதுவும் கப்சிப். புகையால் ஊதாவிட்டாலும் என்ஜினின் மூச்சோடு கட்டிப்போட்ட ஹாரன் அது. அடுத்து வந்த மாடல் ஏ வண்டியில்தான் 'ஆ ஊ கா' நடுத்தர வர்க்கத்தின் வீட்டுக்கு வந்தது. இடது விளக்குக்குக் கீழே தொங்கும் மோட்டார் ஹாரன், ஸ்டியரிங்கின் நடுவில் பொத்தான். ஏறக்குறைய 48 லட்சம் வண்டிகள். ஸ்பார்ட்டன் போன்ற பல நிறுவனங்கள் ஃபோர்டுக்கு அவற்றைச் செய்து கொடுத்தன. பழைய படங்களில் கார் வந்தால் ஒலிச்சேர்க்கையாளர் முதலில் தேடி எடுப்பது இந்தச் சத்தத்தைத்தான்.

உருண்டை ஹாரன் அதற்குள் செத்துவிடவில்லை. பாரிஸ் டாக்ஸிகளில் 1920-களிலும் அதுதான். 1928-இல் பாரிஸ் போன அமெரிக்க இசையமைப்பாளர் ஜார்ஜ் கெர்ஷ்வின், கடைகடையாக ஏறி இறங்கி டாக்ஸி ஹாரன்களை வாங்கினார். அந்த வருஷம் டிசம்பர் 13 அன்று நியூயார்க் கார்னகி ஹாலில் அரங்கேறிய அவருடைய 'ஆன் அமெரிக்கன் இன் பாரிஸ்' படைப்பில் நாலு ஹாரன்களுக்குப் பங்கு உண்டு. இசைத்தாளில் அவற்றை ஏ, பி, சி, டி என்று வட்டமிட்டுக் குறித்திருந்தார். மேற்கத்திய இசையில் அவை சுரங்களின் பெயரும்கூட. ஆகவே உலகத்து இசைக்குழுக்கள் எல்லாம் அந்த நாலு சுரத்துக்கு ஹாரன் தேடிப்பிடித்து வாசித்தன. 2016-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் புதிய பதிப்புக்காக வேலை பார்த்த ஆய்வாளர்கள் வேறு மாதிரி சொன்னார்கள். ஏ, பி, சி, டி என்பது சுரமே அல்ல. ஒன்றாம் ஹாரன், இரண்டாம் ஹாரன் என்பதுபோன்ற வெறும் அடையாளம். கெர்ஷ்வின் வாங்கிவந்த ஹாரன்கள் ஒன்றோடொன்று ஒட்டாத, இன்னும் கரடுமுரடான சுருதிகளில் இருந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். எழுபது எண்பது வருஷப் பழக்கத்தை மாற்ற எல்லாக் குழுக்களும் சம்மதிக்கவில்லை.

ஜெர்மனியில் பாஷ் நிறுவனம் 1921-இல் சந்தைக்கு அனுப்பிய ஹாரனின் வழி தனி. மோட்டாரும் இல்லை, பல்லும் இல்லை. வீட்டுக் காலிங்பெல்லின் தத்துவம்: மின்காந்தம் தகட்டை இழுக்கும், இழுத்த இழுப்பில் மின்தொடர்பு அறுந்துபோகும், தகடு திரும்பும், தொடர்பு மறுபடி சேரும். நூற்றுக்கணக்கான தடவை ஒரு விநாடிக்குள். மலிவு, சின்னது, பழுது குறைவு. அழுத்திய மறுகணமே முழுச் சத்தம், கையை எடுத்தால் அந்த இடத்தில் துண்டிப்பு. 'ஆ'வும் 'கா'வும் காணாமல்போய் நடுவிலிருந்த நேர்க்கோடு மட்டும் மிஞ்சியது. அதைக் கொஞ்சம் மனிதத்தனமாக்க 1930-களில் இரண்டு ஹாரன்களைச் சேர்த்து வைத்தார்கள், ஒன்று மேல், ஒன்று கீழ், கிட்டத்தட்ட ஸட்ஜமும் காந்தாரமும் சேர்ந்து ஒலிப்பதுபோல. இன்று ரோட்டில் ஓடும் கார்களும் அடிப்படையில் இதே வழிதான். 1970-இல் கோயம்புத்தூரில் தொடங்கப்பட்ட ரூட்ஸ் நிறுவனத்தின் பெயர் இந்திய வாகனக்காரர்களுக்கு ஹாரன் என்பதற்கே மறுபெயராகிப்போனது.

ஊர்களும் பொறுமை இழந்துகொண்டிருந்தன. பிரிட்டனில் 1934-இல் போக்குவரத்து அமைச்சர் ஹோர்-பெலீஷா, குடியிருப்புப் பகுதிகளில் இரவு 11.30-லிருந்து காலை 7 வரை ஹாரன் அடிக்கக்கூடாது என்று தடைபோட்டார். பாரிஸ் 1954-இல் ஆபத்து நேரம் தவிர ஹாரனே கூடாது என்றது.

தமிழ்நாட்டில் கதை மெதுவாக நகர்ந்தது. மேல்நாட்டுக் கார்களில் மின்ஹாரன் வந்து வெகு காலத்துக்குப் பிறகும் இங்கே பஸ்ஸிலும் லாரியிலும் டிரைவரின் வலதுகைப் பக்கம், ஜன்னலுக்கு வெளியே சுருள் குழல் தொங்கியது. பங்கனபள்ளி மாம்பழம் அளவில் கருப்பு ரப்பர் உருண்டை. மலைப்பாதை வளைவில் டிரைவர் முழங்கையை வெளியே போட்டு அதை அமுக்கும்போது, எதிர்ப்பக்கத்து வளைவிலிருந்து அதேபோல ஒரு பதில் வரும். பஸ்ஸிலிருந்து அது ஆட்டோவுக்கு இறங்கியது. பேட்டரி செத்தாலும் ஆட்டோவின் உருண்டை வேலை செய்யும். அமுக்கக் கை இருந்தால் போதும். ஐஸ் வண்டிக்காரரும் அதை வாங்கி சைக்கிள் ஹாண்டில்பாரில் மாட்டிக்கொண்டார். தெருமுனையில் 'பாம் பாம்' கேட்டால் சில்லறைக்காக வீட்டுக்குள் ஓடிய பிள்ளைகளுக்கு ஒரு காலத்தில் பாரிஸ் டாக்ஸிகளிலும் இதே சத்தம்தான் என்று யார் சொல்லப்போகிறார்கள்?

1989-இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதிகளில் 119-ஆவது விதி ஹாரனைப் பற்றியது. வேறுவேறு சுரங்களை அடுத்தடுத்து எழுப்பும் ஹாரன் கூடாது. கரகரப்பாகவோ கீச்சென்றோ மிதமிஞ்சிய சத்தத்திலோ மிரட்டும் கருவியும் கூடாது. அன்னக் காரின் எட்டுக் குழலும் ஹட்சிசனின் அலறலும் ஒரே விதியில், அடுத்தடுத்த வார்த்தைகளில் அடிபட்டுப்போகின்றன. நாளடைவில் ஆட்டோவின் உருண்டையும் கழன்றது.

இனி அவற்றைக் கேட்கவேண்டுமென்றால் விண்டேஜ் கார் ஊர்வலத்துக்குத்தான் போகவேண்டும். ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை 1964-இல் டெல்லியில் தொடங்கி, பிறகு கல்கத்தாவுக்கும் கொண்டுபோன ராலி, சென்னையிலும் கோவையிலும் பழைய கார் ஆர்வலர்கள் சேர்ந்து நடத்தும் பவனிகள். பழைய காரில் பெயின்டும் சக்கரமும் சரியாக இருந்து, ஹாரன் மட்டும் நேற்று வாங்கியதாக இருப்பது அடிக்கடி நடக்கும். ரப்பர் வெயிலில் வெடித்துவிடும், மாற்றலாம். நாக்குதான் கஷ்டம். அலங்காரத்துக்கென்று செய்யப்படும் பித்தளை நகல்களில் நாக்கு தகரம்போல மெலிந்திருந்தால் வாத்து கத்துவதுபோல ஒரு சத்தம் வரும். தூர நின்று கேட்டாலே வித்தியாசம் தெரிந்துவிடும்.

க்ளாக்ஸன் வகை ஹாரன் என்றால் வேலை இன்னும் நுணுக்கம். பின்மூடியைக் கழற்றியதும் முதலில் வருவது தேன்மெழுகுபோல உறைந்த பழைய கிரீஸ். அதைப் பெட்ரோலில் கழுவி எடுத்து, மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷை மாற்றி, பல்சக்கரத்தைப் பார்க்கவேண்டும். பல் மழுங்கியிருந்தால் சத்தமும் மழுங்கிவிடும். தகட்டில் துருப்பிடித்து ஊசிக்கண் அளவு ஓட்டை இருந்தாலும் அது சரிப்படாது. எல்லாம் பூட்டியபிறகு பின்னால் ஒரு திருகு இருக்கும். சக்கரம் குமிழை எவ்வளவு நெருங்கி உரசவேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. தளர்வாக இருந்தால் மோட்டார் சும்மா 'விர்' என்று சுற்றும், தகட்டில் அசைவிருக்காது. அதிகம் இறுக்கினால் பல் குமிழில் மாட்டிக்கொண்டு மோட்டார் சூடேறும். இரண்டுக்கும் நடுவே கால் சுற்று அளவு இடம்தான். மெக்கானிக் ஒரு கையில் ஸ்குரூ டிரைவரைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் வயரை பேட்டரியில் தொட்டுத்தொட்டுப் பார்ப்பார். முதலில் ஒரு முனகல். இம்மியளவு திருகினால் 'ஆ'. இன்னும் ஒரு நூல் திருகினால், பட்டறைக்கு வெளியே படுத்திருக்கும் நாய் எழுந்து ஓடும்.